வெயிலடித்தால் ஓடும் தண்ணீர்

காலை எட்டு மணி வாக்கில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து ஒரு சத்தம் வரும். 'டுர்ர்' என்று ஒரு இழுப்பு, பிறகு அமைதி. மறுபடி ஒரு இழுப்பு, மறுபடி அமைதி. நாலைந்து முறை திணறிவிட்டு அப்புறம் விடாமல் ஓட ஆரம்பிக்கும். இருபது லிட்டர் பெயின்ட் பக்கெட்டுக்குள் கிடக்கும் உள்ளங்கையளவு மோட்டார் அது. யாரும் சுவிட்ச் போடுவதில்லை. கிழக்கே இருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் தலையைச் சூரியன் தாண்டியதும் தானாகவே ஓடும். சாயங்காலம் நாலரை, ஐந்துக்குத் தானாகவே நிற்கும்.

அந்த மோட்டார் தண்ணீரை ஆறடி உயரத்துக்கு ஏற்றுகிறது. அங்கிருந்து நான்கு சரங்களில் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. ஒவ்வொரு சரத்திலும் தலைகீழாகக் கோத்த ஐந்து பாட்டில்கள், ஆக மொத்தம் இருபது. புதினா, பசலை, பொன்னாங்கண்ணி, கொஞ்சம் துளசி. பிடி மண் கிடையாது. பக்கெட்டில் இறங்கிய தண்ணீரே திரும்ப மேலே போகிறது. இரண்டு வருஷமாக இது ஓடுகிறது. இதற்கு முன்னால் ஒன்றரை வருஷம் இது ஓடாமல் படுத்திய பாட்டையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு அந்த ஒன்றரை வருஷம்தான் அதிகம் உதவும்.

நாங்கள் இருப்பது கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், இரண்டாம் மாடியில் வாடகைக்கு. பாதிரி மரத்தைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஊர் இது. பாடலீசுவரர் கோயிலின் தலவிருட்சமும் அதுதான். ஆனால் எங்கள் தெருவில் ஒரு செடி வைக்க ஒரு சாண் மண் கிடையாது. என் மாமியாருக்கு அதுதான் பெரிய குறை. அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்தில் கொல்லையும் தோட்டமுமாக வாழ்ந்தவர். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கரையைக் கடந்தபோது, ராத்திரியெல்லாம் அடித்த காற்று விடிந்து பார்த்தால் இரண்டு பலாவையும் ஒரு முருங்கையையும் வேரோடு புரட்டிப் போட்டிருந்தது. முந்திரித் தோப்பில் நிற்கிற மரத்தைத்தான் எண்ண முடிந்ததாம். மாமா இறந்த பிறகு எங்களோடு வந்துவிட்டார். வந்த முதல் வாரமே, காசு கொடுத்து வாங்கிய கீரைக்கட்டைப் பிரித்துப் பார்த்து, "இன்னாம்மா இது, நேத்து பறிச்சதாட்டம் இருக்குது" என்று ஓரமாக வைத்துவிட்டார்.

மாடியில் தொட்டி வைக்கலாம் என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். "மண்ணுத் தொட்டி வேணாம்மா, தளம் ஊறிடும். பாரமும் ஆவும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஏற்கெனவே எங்கள் சமையலறைக் கூரையில் ஒரு மூலை ஓதம் காத்துக் கிடந்தது. மண் வேண்டாம், பாரம் வேண்டாம், தரையில் தண்ணீர் தேங்கவே கூடாது. இந்த மூன்று நிபந்தனையோடு செடி வளர்க்க வேண்டுமென்றால், மண்ணில்லாமல் சத்துத் தண்ணீரிலேயே செடி வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ்தான் வழி என்று தோன்றியது.

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். செடிக்கு மண் கட்டாயமில்லை என்பது பாடமாகத் தெரியும். 1860களிலேயே ஜெர்மனியில் விஞ்ஞானிகள் சாக்ஸும் நோப்பும் வெறும் உப்புக் கரைசலில் செடி வளர்த்துக் காட்டிவிட்டார்கள். கலிபோர்னியாவில் கெரிக் என்ற விஞ்ஞானி 1929 முதல் அதைப் பயிர்த்தொழிலாகவே செய்து பார்த்தார். நம் நாட்டுக்கு 1946இல் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் கொண்டுவந்தார். டார்ஜிலிங் பக்கம் காலிம்போங்கில், கல் சல்லியை வைத்துச் சிக்கனமாகச் செய்த முறை அவருடையது. பாட்டிலைச் சரமாகக் கோக்கிற யோசனை, 2009 வாக்கில் நியூயார்க் புரூக்ளினில் ஜன்னலோரத்தில் செடி வளர்க்கப் பிரிட்டா ரைலியும் ரெபெக்கா பிரேயும் செய்தது. அவர்கள் ஜன்னல் குளிர்நாட்டு ஜன்னல். கடலூர் மொட்டை மாடி வேறு.

பாட்டிலிலிருந்து தொடங்குகிறேன். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் வேண்டாம். அது மெலிசு, ஈரம் ஏறினதும் வயிறு பிதுங்கும். இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில்தான் சரி. உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் அதன் சுவர் கெட்டியாக இருக்கும். அடிப்பகுதியை வெட்டி எடுத்து, பாட்டிலைக் கவிழ்த்து, மூடி கீழே பார்க்கும்படி வைக்க வேண்டும். மூடியில் ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் அடுத்த பாட்டிலின் திறந்த வாய்க்குள் சொட்டும். பக்கவாட்டில் அரை நிலா வடிவத்தில் ஒரு ஜன்னல் வெட்டினால் செடி அதன் வழியாக வெளியே தலை நீட்டும்.

வெட்டுவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், முதல் நாளே விரலைக் கிழித்துக்கொண்டேன் என்பதால். பாட்டிலில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி மூடிவிட்டு, வெட்ட வேண்டிய இடத்தைச் சுற்றி நூல் கட்டிப் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் உள்ளே இருந்தால் பாட்டில் நெளியாது, கோடு நேராக வரும். பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டு, கத்தி நுனியால் ஒரு கீறல் மட்டும் போட்டு, மீதியைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்து, நடுவே ஒரு காகிதம் கொடுத்து, விளிம்பை இரண்டு நொடி அழுத்தினால் உள்பக்கமாகச் சுருண்டு மழுங்கிவிடும். மூடியில் ஓட்டை போட ஆணியைச் சுடவைத்தேன், ஓட்டை கோணலாக வந்தது. சால்ட்ரிங் அயர்ன் நுனி ஒரே குத்தில் வட்டமாகப் போடுகிறது. மூடிக்கு மூன்று ஓட்டை போதும். ஒன்று வேரால் அடைத்தாலும் மற்றது வழி விடும்.

வெளிப்பக்கம் முதலில் கறுப்பு, அதன்மேல் வெள்ளை பெயின்ட். கறுப்பு வெளிச்சத்தை மறிக்க. சத்துத் தண்ணீரில் வெளிச்சம் பட்டால் நாலே நாளில் பாசி பிடித்துவிடும், செடிக்குப் போட்ட உரத்தைப் பாசி தின்னும். வெள்ளை, வெயிலைத் திருப்பி அனுப்ப. சும்மா கறுப்பாக விட்டால் மதியம் வேர் வெந்துவிடும். பக்கெட்டுக்கு மூடி கட்டாயம். டெங்குக் கொசுவுக்கு ஒரு வாரம் அசையாத நல்ல தண்ணீர் இருந்தாலே போதும்.

சரத்தை மாட்ட நைலான் கயிறு பயன்படுத்தினேன், வெயிலில் ஏழு மாதத்தில் இற்றுவிட்டது. இப்போது கட்டுக்கம்பி. மேலே தண்ணீரைப் பிரித்துவிட மருந்துக்கடையில் புதிதாக வாங்கிய குளுக்கோஸ் டியூப் நான்கு. அதில் இருக்கும் சின்னச் சக்கரத்தை உருட்டினால் சொட்டின் வேகம் கூடும், குறையும். அத்தை அதைப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரில படுத்துக்கினு இருக்கற ஆளுக்கு ஏத்தறாப்புல ஏத்துறியே" என்று செடியை உண்மையான கவலையோடு தொட்டுப் பார்த்தார்.

இனி சூரியன் சமாச்சாரம். இதில்தான் அதிகம் அடிபட்டேன்.

முதலில் ஒரு கடையில் முழு செட்டாக வாங்கினேன். 20 வாட் சோலார் பேனல், சார்ஜ் கன்ட்ரோலர், 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி, மோட்டார் எல்லாம் ஒரே பெட்டியில். ராத்திரியும் தண்ணீர் ஓடும் என்று கடைக்காரர் சொன்னதை நானும் நல்லதென்றே நினைத்தேன். ஒரு கோடை தாண்டியது. மொட்டை மாடி வெயிலில் பேட்டரி பக்கவாட்டில் உப்பி, பெட்டியை விட்டு வெளியே எடுக்கவே முடியாமல் போயிற்று. கடையில் கேட்டால் பேட்டரிக்கு உத்தரவாதம் ஆறு மாதந்தான் என்றார்கள். மொத்தச் செலவில் பாதி அந்தப் பேட்டரி. அதை வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தேன்.

ராத்திரியில் செடிக்கு எதற்குத் தண்ணீர் ஓட வேண்டும்? இலையில் இருக்கும் துளைகள் பகலில் திறந்து இருட்டில் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். செடி தண்ணீரை இழுப்பதே அந்தத் துளை வழியாக ஆவி போவதால்தான். வெயில் ஏற ஏற இழுப்பு கூடும், மேகம் மூடினால் குறையும், ராத்திரியில் ஏறக்குறைய நின்றுவிடும். பேனலும் அப்படித்தான். செடிக்குத் தாகம் எடுக்கும் நேரமும் பேனல் மின்சாரம் கொடுக்கும் நேரமும் ஒன்றே. நடுவே ஒரு பேட்டரியை வைத்து, பகலில் நிரப்பி ராத்திரியில் செலவழிப்பது தேவையில்லாத வேலை. எந்த வெயில் செடியைத் தாகமெடுக்க வைக்கிறதோ, அந்த வெயிலே தண்ணீர் இறைக்கட்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. பேட்டரியே வேண்டாம் என்றால் செலவில் பாதி போகிறது, ஈய அமிலக் கழிவு போகிறது, இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றும் தொல்லை போகிறது.

பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பேனல் கம்பியை நேராக மோட்டாரில் இணைத்தேன். தண்ணீர் அருமையாகப் பாய்ந்தது. பதினோரு மணிக்குப் பள்ளியில் இருக்கும்போது அத்தை போன் செய்தார். "மோட்டாரு கம்முனு ஆயிடுச்சி, என்னமோ தீயற வாசன வருது."

இயற்பியல் ஆசிரியை செய்யக்கூடாத தவறு அது. 12 வோல்ட் பேனல் என்று கடையில் சொல்வது 12 வோல்ட் பேட்டரிக்குப் பொருந்தும் பேனல் என்ற அர்த்தத்தில்தான். உள்ளே 36 செல்கள் தொடராக இருக்கும். சுமை இல்லாதபோது 21 வோல்ட் வரை காட்டும், நன்றாக வேலை செய்யும்போது 17, 18. பேட்டரி இருந்தவரை அது சேமிக்கும் பெட்டியாக மட்டும் இருக்கவில்லை, மோட்டாருக்குப் போகிற வோல்டேஜைப் பன்னிரண்டு பதிமூன்றில் பிடித்துவைத்திருந்தது. அந்தப் பிடி போனதும் மோட்டார் கருகியது. தீர்வு எண்பது ரூபாய். எல்.எம். 2596 என்ற சிப் வைத்த, வோல்டேஜை இறக்கிக் கொடுக்கும் சின்ன பக் கன்வெர்ட்டர் பலகை. ஒருபக்கம் பேனல், மறுபக்கம் மோட்டார். மோட்டாரை இணைப்பதற்கு முன்னால் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு, அதில் இருக்கும் பித்தளைத் திருகைச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் திருப்பித் திருப்பி 12 வோல்ட் வரும்வரை சரிசெய்ய வேண்டும். பல சுற்றுகள் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், திடீரென்று இறங்கும். பொறுமை வேண்டும். அந்தப் பலகையை ஒரு பழைய டிபன் டப்பாவுக்குள் வைத்து, கம்பி நுழையும் இடத்தை எம்-சீல் போட்டு அடைத்திருக்கிறேன். கடலோர ஊரில் உப்புக் காற்று செம்பை ஒரு மழைக்காலத்தில் பச்சையாக்கிவிடும்.

பேனல் தெற்குப் பார்த்து, ஏறக்குறைய பன்னிரண்டு டிகிரி சாய்வு. கடலூரின் அட்சரேகையும் கிட்டத்தட்ட அதுதான். சாய்வு கொஞ்சம் முன்பின் ஆனால் பெரிய நஷ்டமில்லை, நிழல் விழுந்தால்தான் நஷ்டம். ஒருநாள் நல்ல வெயிலில் மோட்டார் நின்றுபோனது. பேனலில் எந்தக் குறையும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுத் தென்னையின் ஒற்றை ஓலை நிழல், ஒரு மூலையில் கோடு மாதிரி கிடந்தது. செல்கள் தொடராக இருப்பதால் ஒன்று மூடினாலும் மற்றவற்றின் ஓட்டமும் தடைபடும். பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் வீட்டுக்கு வந்தபோது பேனலில் ஒரே ஒரு செல்லை என் கையால் மூடிக் காட்டினேன். மோட்டார் மூச்சை விட்டது. கையை எடுத்தேன், ஓடியது. தொடர் இணைப்பைப் பற்றி நான் கரும்பலகையில் எழுதிய எதுவும் அந்த ஒரு கையளவு நிழலுக்கு ஈடாகவில்லை.

காலையில் கேட்கும் அந்தத் திணறலுக்கும் காரணம் இதே மாதிரிதான். விடிந்ததும் பேனலில் வோல்டேஜ் வந்துவிடும், ஆனால் ஓட்டும் தெம்பு இருக்காது. மோட்டார் இழுத்ததும் வோல்டேஜ் சரிந்துவிடும், மோட்டார் நிற்கும், நின்றதும் வோல்டேஜ் ஏறும், மறுபடி இழுக்கும். வெளிச்சம் போதுமான அளவு வந்த பிறகுதான் நிலையாக ஓடும். மோட்டாருக்கு வேண்டியது ஐந்து வாட்டுக்கும் குறைவு. பேனல் 20 வாட்டாக இருப்பதால்தான் மப்பு மந்தாரத்திலும் ஓரளவு ஓடுகிறது.

தண்ணீருக்கு வருகிறேன். எங்கள் கட்டடத்து போர் தண்ணீரில், கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை வைத்தால் 1,300க்கு மேல் காட்டும். அதில் சத்து உப்பையும் போட்டால் செடி தாங்காது. 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதிலிருந்து எங்கள் மாடியிலும் மழைக்குழாய் கீழே குழிக்குப் போகிறது. வீட்டுக்காரர் சம்மதத்தோடு ஒரு குழாயை மட்டும் ஐந்நூறு லிட்டர் தொட்டிக்குத் திருப்பினேன். முதல் மழையை விட்டுவிட்டு, ஐப்பசி கார்த்திகையில் பிடிக்கிற தண்ணீர் சித்திரை வரை வருகிறது. மண்ணில் ஊற்றினால் வடிந்தும் காய்ந்தும் போகும் தண்ணீர் இங்கே சுற்றிச் சுற்றி வருவதால், சாதாரண நாளில் ஒரு லிட்டர்தான் குறையும்.

சத்துக் கரைசலுக்கு உரக்கடையில் சொட்டுநீர் உரம் என்று கேட்டால் கிடைக்கும். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 என்ற பாக்கெட்டைத்தான் முதலில் கையில் கொடுப்பார்கள். அது வயலுக்கு நல்லது, இதற்கு வேண்டாம். அதன் தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியாவாக இருக்கும். மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் யூரியாவை வேருக்கு ஏற்றபடி மாற்றித் தருகின்றன. இங்கே மண்ணே இல்லை. நான் போடுவது பதினைந்து லிட்டர் தண்ணீருக்குக் கால்சியம் நைட்ரேட் 12 கிராம், 13:0:45 என்கிற பொட்டாசியம் நைட்ரேட் 6 கிராம், 0:52:34 என்கிற மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 3 கிராம், மெக்னீசியம் சல்பேட் 6 கிராம், கரைந்தே நிற்கும்படி கீலேட் செய்த இரும்பு உள்ள நுண்ணூட்டக் கலவை 1 கிராம். கால்சியம் நைட்ரேட்டை மட்டும் தனிச் செம்பில் கரைத்துக் கடைசியில் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் கெட்டியாக ஒரே செம்பில் கரைத்தால் கால்சியம், சல்பேட்டோடும் பாஸ்பேட்டோடும் சேர்ந்து, பால் திரிந்த மாதிரி வெள்ளையாகத் தங்கிவிடும். தங்கியதைச் செடி தொடாது.

வேருக்குப் பிடிமானமாக முதலில் தேங்காய் நார்த்தூளை மட்டும் நிரப்பினேன். பகலெல்லாம் சொட்டு விழுந்ததில் அது சொதசொதவென்று ஆகி, வேர் பழுப்பேறி நாறியது. வேருக்குத் தண்ணீர் வேண்டும், மூச்சும் வேண்டும். அதனால் முக்கால் பங்கு செங்கல் சல்லி, கால் பங்கு நார்த்தூள் என்று மாற்றினேன். சல்லி தண்ணீரை வடிக்கும், நார்த்தூள் ராத்திரிக்கு வேண்டிய ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் பத்தே நாளில் பசலையின் கொழுந்து வெளுக்க ஆரம்பித்தது.

அந்த மூன்று வாரத்தை மறக்க முடியாது. பழைய இலை பச்சையாக இருக்கிறது, புது இலை எலுமிச்சை நிறத்தில் வருகிறது, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிகிறது. தழைச்சத்துக் குறைவென்றால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும், ஏனென்றால் செடி பழைய இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்குக் கொடுக்கும். இரும்பை அப்படி உருவ முடியாது. கொழுந்து வெளுத்தால் இரும்புதான் குறை. நான் இரும்பு போட்டுக்கொண்டுதான் இருந்தேன். இன்னும் கொஞ்சம் போட்டேன், மாற்றமில்லை. கரைசலின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். தாளை நனைத்துப் பார்த்தேன். ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவே இருக்க வேண்டியது எட்டைத் தொட்டது. அந்த நிலையில் இரும்பு வேருக்கு எட்டாமல் போய்விடும். வினிகர் விட்டு இறக்கினேன், இரண்டே நாளில் திரும்ப ஏறியது. மறுபடி இறக்கினேன், மறுபடி ஏறியது. மழைத் தண்ணீர், தெரிந்த உரம், கழுவிய பாட்டில். எங்கிருந்து ஏறுகிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, வாடிய பசலையைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே ஒரு சல்லியைக் கையில் எடுத்து நகத்தால் சுரண்டினார். "இந்தக் கல்லு எங்க எடுத்தாந்த?" முதுநகர்ப் பக்கம் இடித்துக்கொண்டிருந்த ஒரு பழைய வீட்டிலிருந்து மூட்டையாகக் கட்டி வந்தது என்றேன். "அதான பாத்தேன். காரை ஒட்டிக்கினு இருக்குது பாரு. சுண்ணாம்பு கெடக்கற எடத்துல கீர வருமா?"

சமையலறைக்கு ஓடிப்போய் எலுமிச்சம்பழத்தை அறுத்துவந்து அந்தக் கல்லில் பிழிந்தேன். சிவப்பு முகத்தில் ஒன்றும் இல்லை. வெள்ளை ஒட்டியிருந்த முகத்தில் பொசுபொசுவென்று நுரைத்தது. பழைய வீட்டுச் சுண்ணாம்புக் காரை. அமிலம் பட்டால் கரியமில வாயுவை விடும் அதே கால்சியம் கார்பனேட். நான் ஊற்றிய வினிகரையெல்லாம் அந்தக் கல்தான் குடித்துக்கொண்டிருந்தது. இரும்புக் குறை என்பதுவரை நான் கண்டுபிடித்தேன். காரணத்தை, நகத்தால் சுரண்டிப் பார்த்துக் கண்டுபிடித்தவர் அத்தை. இருபது பாட்டிலையும் கொட்டி, ஒவ்வொரு சல்லியாக எலுமிச்சை பிழிந்து பொறுக்குவது நடக்கிற காரியமில்லை. மொத்தத்தையும் தள்ளிவிட்டு, சூளையிலிருந்து கட்டடத்துக்கே போகாத உடைந்த செங்கலாகப் பார்த்து வாங்கி உடைத்துப் போட்டோம். அடுத்த வாரக் கொழுந்து பச்சையாக வந்தது.

சித்திரை, வைகாசிதான் கடினமான காலம். கத்திரி வெயிலில் பக்கெட்டுத் தண்ணீர் தொட்டால் வெதுவெதுவென்று இருக்கும். தண்ணீர் சூடேற ஏற அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும், வேர் அழுகல் தொடங்குவது அப்போதுதான். பானைத் தண்ணீர் குளிருமே என்று பக்கெட்டுக்குப் பதிலாகப் பெரிய மண்பானை வைத்துப் பார்த்தேன். நன்றாகவே குளிர்ந்தது. ஆனால் பத்து நாளில் பானையின் வெளிப்பக்கம் முழுக்க வெள்ளையாக உப்பு பூத்தது. சத்தெல்லாம் சுவர் வழியாகக் கசிந்து வெளியே காய்ந்துகொண்டிருந்தது. திரும்பவும் பக்கெட்டையே வைத்து, அதன் மேல் ஈரச் சாக்கைச் சுற்றிவிட்டேன். சாக்குக்கு போர் தண்ணீர் போதும். இந்த மாதங்களில் செடி உப்பைவிடத் தண்ணீரை அதிகமாக இழுப்பதால் கரைசல் தானாகக் கெட்டியாகும். குறைந்த அளவுக்கு வெறும் மழைத் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உரத் தண்ணீரை அல்ல.

எதை வளர்க்கலாம் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஹைட்ரோபோனிக்ஸ் என்றாலே லெட்யூஸ் படத்தைத்தான் காட்டுகிறார்கள். நம் ஊர் வெயிலில் அது சீக்கிரமே தண்டு நீண்டு கசந்துவிடும், எங்கள் வீட்டில் அதைச் சாப்பிட ஆளும் இல்லை. புதினா சந்தையில் வாங்கிய கட்டிலிருந்தே ஒரு காம்பைத் தண்ணீரில் போட்டால் வேர் விடும். பொன்னாங்கண்ணி ஈரத்துக்கென்றே பிறந்தது. பசலை கொடியாக இறங்கிச் சரத்தையே மூடிவிடுகிறது, அதன் நிழலில் பாட்டிலும் குளிர்ச்சியாக இருக்கிறது. கொத்தமல்லி மார்கழி, தையில் மட்டும். முருங்கை, கத்தரி என்று ஆசைப்பட வேண்டாம், இரண்டு லிட்டரில் அதற்கு இடமில்லை.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. முந்தின நாளே பேனலைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டோம். சரங்களைக் கைப்பிடிச் சுவரோடு சேர்த்துக் கட்டினோம். அத்தை ஒவ்வொரு முடிச்சையும் இரண்டாம் முறை இழுத்துப் பார்த்தார். மழை விடாமல் கொட்டியது. அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்து ஊரின் பல பகுதி தண்ணீரில் நின்றது. எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. மூன்றாம் நாள் மேகம் கலைந்து லேசாக வெயில் தெரிந்ததும் பேனலை மேலே கொண்டுபோய் மாட்டினோம். கீழே வீடெல்லாம் இருட்டாக இருந்தபோது மாடியில் மோட்டார் ஓடியது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. பக்கெட் மூடியைத் திறந்து, மழைத் தண்ணீர் புகுந்து நீர்த்துப்போயிருந்த கரைசலை விரலால் தொட்டு, "உரம் போடணும்" என்றார்.

பாட்டிலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பெட் பிளாஸ்டிக் வெயிலில் இரண்டு வருஷத்தில் மொடமொடப்பாகி விரிசல் விடும். பெயின்ட் அடித்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும். பெயின்ட் அடித்த பாட்டிலைக் காயலான் கடையில் எடுப்பதில்லை. ஆக, நான் குப்பையை ஒழிக்கவில்லை, தள்ளிப்போட்டிருக்கிறேன். அதனால் இப்போது பாட்டிலில் பெயின்ட் அடிப்பதை விட்டுவிட்டு, பழைய உரச்சாக்கை உறையாகத் தைத்து மாட்டியிருக்கிறேன். உள்பக்கம் கறுப்புத் துணி, வெளிப்பக்கம் வெள்ளைச் சாக்கு. விரிசல் விட்ட பாட்டில் சுத்தமாகக் கடைக்குப் போகும், உறை அடுத்த பாட்டிலுக்கு வரும். தைத்தது அத்தைதான், இருபதும்.

போன வாரம் கீழ்வீட்டுப் பெண் வந்து தனக்கும் ஒரு சரம் வேண்டும் என்றாள். நான் மல்டிமீட்டரையும் தாளையும் எடுத்து உட்கார்வதற்குள் அத்தை மாடிப்படியிலேயே அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கையில் நாலு புதினாக் காம்பு, ஈரத்துணியில் சுற்றியது.

"எந்தக் கல்லா இருந்தாலும் எடுத்தாந்து மொதல்ல எலுமிச்சம்பழம் புழிஞ்சி பாரும்மா. நொரச்சா போட்டுடாத. நொரைக்கலன்னா எங்கிட்ட கொண்டா, நானும் ஒருதரம் பாக்கறேன்."